காலுக்கு ரத்தம் திரும்பிய பிறகு

அடைபட்ட கால் தமனியைப் பலூனால் விரிக்கும் ஆன்ஜியோபிளாஸ்டி முடிந்ததும் மருத்துவர் இரண்டு படங்களைக் காட்டுவார். முதல் படத்தில் கெண்டைக்காலின் பாதியிலேயே நின்றுபோன கறுப்புக் கோடு, இரண்டாவதில் பாதம் வரை இறங்கி விரல்களுக்குப் பிரிகிறது. வெளியே காத்திருக்கும் குடும்பத்துக்கு அப்போதுதான் மூச்சு வரும். ஆனால் அந்த இரண்டாவது படம் அன்றைய நிலவரம் மட்டுமே. மூன்று மாதம் கழித்தும் ஓட்டம் இருக்குமா, புண் ஆறுமா, நோயாளி தானாக எழுந்து நடப்பாரா, அடுத்த ஆண்டு உயிரோடு இருப்பாரா என்பதையெல்லாம் அந்தப் படம் சொல்லாது.

நான் இங்கே பேசுவது கால் தமனி அடைப்பின் கடைசிக் கட்டத்தைப் பற்றி. நடந்தால் கெண்டைச்சதை பிடித்துக்கொள்கிறது, நின்றால் சரியாகிறது என்பவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு நடைப்பயிற்சியும் மாத்திரையும் புகையை விடுவதுமே முதல் சிகிச்சை. படுத்தால் பாதம் எரிகிறது, கட்டிலிலிருந்து காலைத் தொங்கவிட்டால்தான் தூக்கம் வருகிறது என்று இரண்டு வாரத்துக்கு மேல் சொல்பவர்கள், ஆறாத புண் உள்ளவர்கள், விரல் கறுத்தவர்கள் ஆகியோர்தான் கால் பறிபோகும் கட்டத்தில் இருப்பவர்கள். இவர்களுக்கு ரத்த ஓட்டத்தைத் திருப்பாமல் விட்டால், ஓராண்டுக்குள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் காலை இழக்கிறார், ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இறக்கிறார். இறப்பவர்களில் பலருக்குக் காரணம் இதயமும் மூளை ரத்தக்குழாயும். காலை மட்டும் பார்த்து வைத்தியம் செய்தால் போதாது என்பதற்கு இந்த ஓர் எண்ணே சாட்சி.

பெருவிரலை அளக்காமல் முடிவெடுக்கக் கூடாது

முதல் சோதனை எளிது. கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் எடுத்து, கணுக்கால் எண்ணைக் கையின் எண்ணால் வகுக்க வேண்டும். 0.9க்குக் கீழே வந்தால் அடைப்பு, 0.4க்குக் கீழே வந்தால் நிலைமை மோசம். ஆனால் நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகளிடமும் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களிடமும் இந்தச் சோதனை ஏமாற்றிவிடும். அவர்களின் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து இறுகியிருக்கும். அழுத்தம் அளக்கச் சுற்றும் பட்டையான கஃப்பை எவ்வளவு ஊதினாலும் குழாய் அமுங்காது. எண் 1.4ஐத் தாண்டினால் சந்தேகமாவது வரும். 1.0 என்று வந்துவிட்டால் ‘நார்மல்’ என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கால்கள் பறிபோவதற்கு நான் அதிகம் கோபப்படும் காரணம் இதுதான், ஏனென்றால் இதைத் தவிர்க்க ஒரு சின்ன கஃப் போதும்.

பெருவிரலின் தமனியில் சுண்ணாம்பு அவ்வளவாகப் படிவதில்லை. விரலின் அடிப்பகுதியில் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் அகலமுள்ள கஃப்பைச் சுற்றி, நுனியில் ஒளி உணரியை ஒட்டி, திரையில் துடிப்பு அலை தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். கஃப்பை ஊதி அலை மறைந்ததும் மெதுவாகக் காற்றை இறக்க வேண்டும். அலை மறுபடி தலைகாட்டும் எண்தான் விரலின் அழுத்தம். ஏ.சி. அறையில் கால் சில்லிட்டிருந்தால் எண் பொய்யாகக் குறையும். அதனால் பத்து நிமிடம் போர்வை போர்த்திவிட்டு எடுப்பது நல்லது. 60 மி.மீ.க்கு மேல் இருந்தால் புண் ஆறப் போதிய ரத்தம் வருகிறது. 30க்குக் கீழே இருந்தால் எந்தக் களிம்பும் எந்தக் கட்டும் பயன் தராது. ஓட்டம் திரும்பினால்தான் உண்டு.

ரத்த ஓட்டத்தோடு புண்ணின் ஆழத்தையும் தொற்றின் தீவிரத்தையும் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போடும் முறை 2014இல் வந்தது. கால் பறிபோகும் அபாயம் எவ்வளவு, ஓட்டத்தைத் திருப்புவதால் கிடைக்கும் பலன் எவ்வளவு என்பதை இந்த மூன்றும் சேர்ந்துதான் சொல்கின்றன. ஒன்றை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: சீழ் கோத்திருந்தால் அதை வெளியேற்றுவதற்கு ஆன்ஜியோ (ரத்தக்குழாய்ப் படம்) எடுக்கும் வரை காத்திருக்கக் கூடாது. சீழை அன்றைக்கே திறந்துவிட வேண்டும், ஓட்டத்தை அதற்கடுத்த சில நாட்களில் திருப்பலாம். உலர்ந்து கறுத்த விரலுக்கு வரிசை தலைகீழ். ஓட்டம் திரும்பும் முன் அதை வெட்டினால் வெட்டிய இடமும் கறுக்கும்.

பலூன் வழி

1964 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் சார்லஸ் டாட்டர் என்ற கதிரியக்க மருத்துவர், பாதம் அழுகத் தொடங்கியும் காலை எடுக்கச் சம்மதிக்காத 82 வயதுப் பெண்ணின் தொடைத் தமனிக்குள் குழாய்களை ஒன்றைவிட ஒன்று பெரிதாகச் செலுத்தி அடைப்பை விரித்தார். புண் ஆறியது. அந்த அம்மா இறக்கும் வரை சொந்தக் காலில்தான் நடந்தார். ஆண்ட்ரியாஸ் குருன்சிக் சூரிச்சில் 1974இல் பலூனைக் கொண்டுவந்த பிறகுதான் இது உலகெங்கும் பரவியது.

இன்று தொடை இடுக்கில் ஊசி போட்டு, பெரும்பாலும் 5 அல்லது 6 பிரெஞ்ச் (குழாய்த் தடிமனின் அலகு) அளவுள்ள உறைக்குழாயை வைத்து, ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுத்துவிட்டு, கம்பியை அடைப்பின் ஊடாகச் செலுத்துகிறார்கள். முழங்காலுக்குக் கீழே 0.014 அங்குலத் தடிமனுள்ள மெல்லிய கம்பி. மேலிருந்து கடக்க முடியாவிட்டால் பாதத் தமனியில் ஊசி போட்டுக் கீழிருந்து ஏறுவார்கள். கெண்டைக்காலில் பலூனின் விட்டம் 2 முதல் 3 மி.மீ., நீளம் 20 செ.மீ. வரைகூட இருக்கும். ஊதியபடி இரண்டு மூன்று நிமிடம் பிடித்து வைக்க வேண்டும். அவசரப்பட்டு இறக்கினால் சுவர் பிளந்து தொங்கும்.

என்னென்ன கெடலாம்? ஊசி சற்று மேலே போய்விட்டால் வயிற்றின் பின்புறம் ரத்தம் கசிந்து தேங்கும். வெளியே வீக்கம் தெரியாமல் பிரஷர் மட்டும் இறங்கிக்கொண்டே போகும். உடைந்த துணுக்குகள் பாதத்துக்கு அடித்துச் செல்லப்பட்டால், மேலே குழாய் திறந்திருந்தும் விரல் நீலமாகும். படத்தில் குழாய் தெரியச் செலுத்தும் கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்கெனவே பலவீனமான சிறுநீரகத்தைக் கவிழ்க்கலாம். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவைப் பார்க்காமல் மேசையில் ஏற்றுவது தவறு.

இவற்றையெல்லாம் விடப் பெரிய பிரச்சினை அமைதியாக வருவது. கெண்டைக்கால் தமனிகளின் சுவர் சுண்ணாம்பேறி விறைத்திருக்கும். விரித்த சில நிமிடங்களிலேயே அது திரும்பச் சுருங்குகிறது. நீண்ட அடைப்புகளில் வெறும் பலூன் போட்டு மூன்று மாதம் கழித்துத் திரும்பப் படமெடுத்துப் பார்த்த ஆய்வுகளில், மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மறுபடி குறுகியிருந்தன. கேட்கப் பயமாக இருக்கும். ஆனாலும் அந்தக் கால்கள் எல்லாம் போய்விடுவதில்லை. ஆறிய தோலை அப்படியே வைத்திருக்கத் தேவைப்படும் ரத்தம், புண்ணை ஆற்றத் தேவைப்படுவதைவிடக் குறைவு. திறந்திருந்த அந்தச் சில வாரங்களுக்குள் புண் மூடிக்கொண்டால் பலூன் தன் வேலையை முடித்துவிட்டது. புண் பெரிதாக, எலும்பு வரை போய், ஆற ஆறு மாதம் ஆகும் என்றால் மூன்று மாதத்தில் அடையும் குழாய் போதாது. பலூனா, அடைப்பைத் தாண்டி மாற்றுவழி தைக்கும் பைபாஸா என்ற முடிவில் புண்ணின் அளவுக்கு இவ்வளவு எடை இருப்பது இதனால்தான்.

பைபாஸ்: எல்லாம் சிரையில் இருக்கிறது

கால் தமனிக்குச் சொந்தச் சிரையை வைத்து முதல் பைபாஸ் செய்தவர் பாரிஸில் ழான் குன்லின், 1948இல். அடிப்படை இன்றும் மாறவில்லை. கணுக்காலிலிருந்து தொடை இடுக்கு வரை தோலுக்கடியில் ஓடும் சஃபீனஸ் சிரையை எடுத்து, வால்வுகள் ஓட்டத்தைத் தடுக்காதபடி தலைகீழாகத் திருப்பி, மேலே தொடைத் தமனியிலும் கீழே அடைப்புக்கு அப்பால் திறந்திருக்கும் தமனியிலும் தைக்கிறார்கள். அல்லது சிரையை அதன் இடத்திலேயே விட்டு, உள்ளே வால்வுகளை மட்டும் வெட்டிவிடுகிறார்கள். கணுக்கால் அருகே தைக்கும் நூல் தலைமுடியைவிட மெல்லியது. உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாமல் முடியாது. சிரையைச் சோதிக்க உப்புநீரை அழுத்தி ஏற்றினால் உட்படலம் கிழிந்துவிடும். அந்தச் சேதம் அன்று தெரியாது, ஆறாம் மாதம் குறுகலாக வெளிப்படும். தையல் முடிந்ததும் மேசையிலேயே ஆன்ஜியோவோ, ஓட்டத்தை ஒலியலையால் அளக்கும் டாப்ளரோ எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் தோலை மூட வேண்டும்.

சிரையின் விட்டம் 3 மி.மீ.க்குக் குறையாமல், ஒரே துண்டாக, முண்டுமுடிச்சு இல்லாமல் இருக்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே போகும் பைபாஸில் ஐந்து ஆண்டு கழித்துத் திறந்திருப்பவை, நல்ல சிரையில் 60 சதவீதத்தையொட்டி, செயற்கைக் குழாயில் 30 சதவீதத்தையொட்டி. நிபுணர் கையும் நல்ல மருத்துவமனையும் இந்த வித்தியாசத்தை ஈடுகட்டுவதில்லை. அதனால் என் கருத்தில், எந்தச் சிகிச்சைக்கும் கையெழுத்துப் போடும் முன் குடும்பம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “இவருடைய சிரையை ஸ்கேன் செய்து அளந்தீர்களா?” நோயாளி உட்கார்ந்தோ நின்றோ இருக்க, சிரை நிரம்பிய நிலையில் அளக்க வேண்டும். குளிர்ந்த அறையில் படுக்கவைத்து அளந்தால் நல்ல சிரையும் ‘போதாது’ என்று வரும்.

இதிலிருந்து இன்னொரு வேண்டுகோளும் வருகிறது. சர்க்கரை நோயாளிக்குக் கணுக்காலில் குளுக்கோஸ் ஊசி ஏற்றாதீர்கள். இதய பைபாஸுக்கு ஒரு காலின் சிரை ஏற்கெனவே போயிருந்தால் மறு காலின் சிரையும் கைச்சிரைகளும்தான் மிச்சம். கையிலும் புறங்கையோடு நிறுத்திக்கொண்டு முன்கைச் சிரைகளைக் காப்பது நல்லது.

பைபாஸ் கெடுவதற்கும் ஒரு காலக்கணக்கு உண்டு. முதல் 30 நாளில் அடைந்தால் பெரும்பாலும் செய்முறைக் கோளாறு: முறுக்கிய சிரை, வெட்டாமல் விட்ட வால்வு, தப்பாகத் தேர்ந்த தமனி. ஒரு மாதத்திலிருந்து இரண்டு ஆண்டுக்குள் என்றால் சிரையின் உட்சுவர் தடித்துக் குறுகுகிறது. அதற்குப் பிறகு, அடைப்பை உண்டாக்கிய அடிப்படைத் தமனி நோயே மேலும் கீழும் பரவுகிறது. நடுக்கட்டத்தில் நடப்பதை முன்கூட்டியே பிடிக்கலாம் என்பதால் ஒன்று, மூன்று, ஆறு, பன்னிரண்டாம் மாதங்களில் டாப்ளர் எடுக்கிறார்கள். ஏதாவது ஓரிடத்தில் ரத்த வேகம் வினாடிக்கு 300 செ.மீ.யைத் தாண்டினாலோ, குழாய் முழுவதும் வேகம் 45க்குக் கீழே படுத்துவிட்டாலோ, அடைவதற்கு முன்பே சிறு பலூனால் சரிசெய்யலாம். அடைந்த பிறகு அந்தச் சிரையை மீட்பது மிகவும் கடினம்.

அறுவையின் விலையையும் மறைக்கக் கூடாது. தொடை இடுக்குக் காயம் சீழ்பிடிப்பது அரிதில்லை. கால் இரண்டு மூன்று மாதம் வீங்கியே இருக்கும். இதயம் பலவீனமானவருக்கு அறுவையே ஆபத்து.

இரண்டு பெரிய ஆய்வுகள், எதிரெதிர் விடைகள்

முதலில் இவற்றுக்கு முந்தைய ஓர் ஆய்வு. பிரிட்டனில் 27 மருத்துவமனைகளில் 452 பேரை வைத்து நடந்த பாசில் ஆய்வு 2005இல் வந்தது. தொடக்கத்தில் பலூனும் பைபாஸும் சமம். ஆனால் இரண்டு ஆண்டைத் தாண்டி வாழ்ந்தவர்களில் முதலில் பைபாஸ் செய்துகொண்டவர்கள் மேலாக இருந்தார்கள். பலூன் தோற்ற பிறகு பைபாஸுக்கு வந்தவர்களின் நிலை, நேரடியாக பைபாஸ் செய்துகொண்டவர்களைவிட மோசம். ‘முதலில் பலூன் போட்டுப் பார்ப்போம், சரிவராவிட்டால் பைபாஸ்’ என்று இலகுவாகச் சொல்வதை நான் ஏற்காததற்கு இது ஒரு காரணம்.

2022இல் பெஸ்ட்-சிஎல்ஐ ஆய்வு வெளியானது. 1,830 பேர், அமெரிக்கா முதல் நியூசிலாந்து வரை 150 மையங்கள். நல்ல சஃபீனஸ் சிரை இருந்த 1,434 பேரில், இறப்பு, கணுக்காலுக்கு மேல் கால் இழப்பு, பெரிய மறுசிகிச்சை ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தவர்கள் பைபாஸ் பிரிவில் 42.6 சதவீதம், பலூன்-ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழாய்) பிரிவில் 57.4 சதவீதம். கால் இழப்பு 10.4க்கு 14.9. பெரிய மறுசிகிச்சை 9.2க்கு 23.5. பலூன் பிரிவில் ஏறக்குறைய ஏழில் ஒருவருக்கு முதல் முயற்சியே வெற்றி பெறவில்லை. நல்ல சிரை இல்லாத 396 பேரில் இரு வழிக்கும் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை.

அடுத்த ஆண்டே பாசில்-2 வந்து நேர்மாறாகச் சொன்னது. பிரிட்டன், ஸ்வீடன், டென்மார்க்கில் 345 பேர். எல்லோருக்கும் முழங்காலுக்குக் கீழே அடைப்பு. கால் இழந்தவர் அல்லது இறந்தவர் பைபாஸில் 63 சதவீதம், பலூனில் 53 சதவீதம்.

எதை நம்புவது? எண்களைப் பிரித்துப் பார்த்தால் முரண் பாதியாகக் குறைகிறது. பாசில்-2இல் கால் இழப்பு இரு பிரிவிலும் ஏறக்குறைய சமம்: 20க்கு 18. வித்தியாசம் இறப்பில் இருந்தது: 53க்கு 45. அதாவது அங்கே பைபாஸ் காலைக் கைவிடவில்லை. நோயாளிகள் வயதானவர்கள், நோய் முற்றியவர்கள். மேலும், மறுசிகிச்சை அந்த ஆய்வின் முதன்மைக் கணக்கில் சேரவில்லை. பெஸ்ட்-சிஎல்ஐயில் அது சேர்ந்தது, பைபாஸின் முன்னிலையில் பெரும்பங்கும் அதனால் வந்தது. மறுபடி மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போவதை விளைவாகக் கருதுபவருக்கு ஓர் ஆய்வு பேசுகிறது, உயிர் தங்குவதை மட்டும் கருதுபவருக்கு மற்றொன்று.

இரண்டையும் வைத்து நான் எடுக்கும் நிலை இது. இரண்டு ஆண்டுக்கு மேல் வாழ வாய்ப்புள்ளவர், இதயம் தாங்கும், நல்ல சிரை இருக்கிறது, புண் பெரிது, அடைப்பு நீளம் என்றால் பைபாஸை முதலில் பேச வேண்டும். எண்பதைத் தாண்டியவர், இதயம் பலவீனம், டயாலிசிஸ், சிரை இல்லை, புண் சிறிது என்றால் பலூன். இடையில் நிற்பவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு இரண்டையும் செய்யத் தெரிந்த குழு ஒரே மேசையில் உட்கார்ந்து பேசுவது அவசியம். பலூன் மட்டும் செய்யும் இடத்தில் எல்லா அடைப்பும் பலூனுக்கு ஏற்றதாகவே தெரியும்.

மருந்து பூசிய பலூன், மருந்து ஸ்டென்ட் பற்றிச் சுருக்கமாக: கூடுதல் விலை கொடுப்பதால் கால் கூடுதலாகத் தங்கும் என்று பாசில்-3 ஆய்வும் ஸ்வீடனில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை வைத்து நடந்த ஆய்வும் காட்டவில்லை. முழங்காலுக்குக் கீழே வைக்கும், நாளடைவில் கரைந்துபோகும் மருந்துச் சட்டகம் மட்டும் 261 பேர் கொண்ட ஆய்வில் பலூனைவிடத் தெளிவாக மேலே நின்றது. 2024இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் அது சேர்த்துக்கொண்ட அடைப்புகள் ஒப்பீட்டளவில் குட்டையானவை.

விளைவை எதைக் கொண்டு அளப்பது

தென் கரோலினாவின் கிரீன்வில் நகர மருத்துவக் குழு ஒன்று 2009இல் ஒரு நேர்மையான கணக்குப் போட்டது. புண் ஆறும் வரை பைபாஸ் திறந்திருக்க வேண்டும், ஓராண்டு கால் தங்க வேண்டும், ஓராண்டு நடமாட்டம் குறையக் கூடாது, ஆறு மாதமாவது உயிரோடு இருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் எண்கள் நன்றாகவே இருந்தன. நான்கும் ஒருவருக்கே கிடைத்தது 44.4 சதவீதத்தினருக்குத்தான். வீட்டில் சக்கர நாற்காலியில் இருந்தவர் அறுவைக்குப் பிறகு ஓடியாடுவார் என்று எதிர்பார்க்கக் கூடாது. நடை பெரும்பாலும் முன்பிருந்த அளவுக்கே திரும்பும். படுத்த படுக்கையாக முழங்கால் மடங்கி விறைத்துவிட்டவருக்கு, குதிகால் முழுவதும் அழுகிவிட்டவருக்கு, காலை எடுப்பதே வலியைக் குறைக்கும் முதல் சிகிச்சையாக இருக்கலாம். அதைத் தோல்வி என்று குடும்பத்தின் தலையில் சுமத்துவது அநியாயம்.

தைப்பதற்குப் பாதத்தில் தமனியே இல்லாதவர்களுக்கு, தமனி ரத்தத்தைப் பாதத்தின் ஆழ்சிரைக்குள் திருப்பிவிடும் முறை இப்போது வந்திருக்கிறது. 105 பேர் கொண்ட ஆய்வில் ஆறு மாதத்தில் 66 சதவீதம் பேர் காலோடும் உயிரோடும் இருந்தார்கள். ஆனால் முழுமையாகப் புண் ஆறியது அதற்குள் கால்வாசிப் பேருக்கே. பொறுமை வேண்டிய சிகிச்சை.

எந்த வழியானாலும் பொறுக்க வேண்டும். பலூனுக்குப் பிறகு பாதத் தோலில் ஆக்சிஜன் உச்சத்துக்கு ஏற மூன்று நான்கு வாரமாகும். உலர்ந்த கறுப்பு விரலில் தொற்று இல்லை என்றால் அந்த வாரங்கள் காத்திருந்து வெட்டினால் இழப்பு குறையும். அதுவரை பாதத்தில் எடை விழாத செருப்பு, முறையான கட்டு. ஆற மூன்று முதல் ஆறு மாதம் என்று மனதைத் தயார்செய்துகொள்ள வேண்டும்.

மருந்தில், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் கட்டாயம். ஆஸ்பிரினோடு, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ரிவராக்சபான் 2.5 மி.கி. தினம் இரண்டு வேளை சேர்த்தபோது, 6,564 பேர் கொண்ட ஆய்வில் மூன்று ஆண்டில் கால், இதய, மூளை நிகழ்வுகள் 19.9 சதவீதத்திலிருந்து 17.3க்குக் குறைந்தன. ரத்தக்கசிவு சற்றே கூடியது. கூடவே ஆஸ்பிரின் போலவே தட்டணுக்கள் ஒட்டுவதைத் தடுக்கும் குளோபிடோக்ரலையும் மாதக்கணக்கில் தொடர்ந்தால் கசிவு இன்னும் கூடும். அதனால் மூன்றாவது மாத்திரையை எப்போது நிறுத்துவது என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்குங்கள். பைபாஸுக்குப் பிறகும் புகைப்பவருக்குக் குழாய் அடையும் அபாயம் மூன்று மடங்கு. பீடியும் இதில் அடக்கம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு: தினமும் பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். நேற்று வரை இதமாக இருந்த கால் திடீரென்று சில்லிட்டு, வெளுத்து, மரத்து, விரலை அசைக்க முடியாமல் போனால் குழாய் அடைந்திருக்கிறது. சதை தாங்கும் நேரம் சுமார் ஆறு மணி. வெந்நீர் ஒத்தடம் கூடாது, உணர்வில்லாத தோல் வெந்துவிடும். தேய்த்துவிடவும் கூடாது. விடியட்டும் என்று காத்திருக்காமல், டிஸ்சார்ஜ் சீட்டையும் கடைசி டாப்ளர் ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு, ரத்தநாள அறுவை வசதி உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போங்கள்.